தூள் விற்குது, காசு எங்கே போகுது?

கேள்வி: கோண்டாவிலில் வீட்டில் இருந்தபடியே இரண்டு வருடமாகக் கறித்தூள் செய்து விற்கிறேன். ஒரு தடவைக்கு செத்தல் மிளகாய் 5 கிலோ (கிலோ 950 ரூபாய்), மல்லி 5 கிலோ (550), பெருஞ்சீரகம் 1 கிலோ (1,400), நற்சீரகம் 500 கிராம் (கிலோ 1,600), மிளகு 500 கிராம் (கிலோ 2,200), வெந்தயம் 250 கிராம் (கிலோ 600), மஞ்சள் 250 கிராம் (கிலோ 1,200) போடுவேன். கறிவேப்பிலை வளவில் நிற்கிறது. கிலோ 900 ரூபாய்க்கு அடங்குகிறது. 1,400க்கு விற்கிறேன். மாதம் 60 கிலோ போகும்: திருநெல்வேலி, சுன்னாகம் கடைகளுக்கு 25 கிலோ, வட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கு 35 கிலோ. கடைக்காரர் 15 வீதம் கழிப்பார்கள். நல்லூர்த் திருவிழா மாதம் மட்டும் 110 கிலோ போனது. ஆனால் மாதக் கடைசியில் கையில் காசு நிற்பதில்லை. கனடாவில் இருந்து அண்ணா அனுப்பின காசும் சேர்ந்தே கரைந்து விட்டது. கடைகளில் 42,000 ரூபாய் நிலுவை. போன மாரியில் தூள் கட்டிபட்டு இரண்டு கடைகள் திருப்பி அனுப்பின. மூன்றரை இலட்சம் கடன் எடுத்து அரைக்கும் மெஷின் வாங்கினால் நிமிர்ந்து விடலாம் என்று மச்சாள் சொல்கிறா. வாங்கலாமா? வெளிநாட்டுக்கும் ஆட்கள் கேட்கிறார்கள். வழி சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மெஷின் இப்போது வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அந்த 900 ரூபாயைப் பார்ப்போம், உங்கள் சிக்கல் முழுவதும் அந்த எண்ணில்தான் தொடங்குகிறது.

உங்கள் பட்டியலைக் கூட்டினால் சாமான் 12.5 கிலோ, விலை 11,250 ரூபாய். பிரித்தால் 900 என்பது சரிதான். ஆனால் 12.5 கிலோ சாமான் 12.5 கிலோ தூளாக வீடு வருவதில்லை. 5 கிலோ செத்தலில் காம்பு கிள்ளி, வெள்ளை விழுந்ததையும் கறுத்ததையும் பொறுக்கி எறிய 400 கிராம் அளவில் போய்விடும். மல்லியைப் புடைத்தால் கல்லும் குச்சியுமாக 100 கிராம். மிஞ்சின 12 கிலோவும் தாச்சியில் ஈரத்தை விடும். கடையில் வாங்கும் செத்தலிலும் மல்லியிலும் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் ஈரம் இருக்கும், வறுக்கும்போது அதில் பெரும்பகுதி ஆவியாகும். அங்கே 800 கிராமுக்கு மேல் குறையும். மில்லில் ஒட்டுவதும் பறப்பதும் இன்னும் 150 கிராம். கடைசியில் உங்கள் கைக்கு வருவது 11 கிலோ அளவுதான். அடுத்த தடவை காம்பு கிள்ளிய பிறகு, வறுத்த பிறகு, அரைத்த பிறகு என மூன்று இடத்தில் தராசில் வைத்து எழுதுங்கள். உங்கள் எண் 10.8 ஆகவோ 11.3 ஆகவோ வரலாம், அந்த எண்தான் உங்கள் தொழிலின் அடிப்படை.

11,250 ரூபாயை 11 ஆல் பிரித்தால் சாமான் செலவு மட்டும் கிலோ 1,023 ரூபாய். அதன்மேல் மில் கூலி கிலோ 80 என்றால் ஒரு தடவைக்கு 900. காஸ் 300. 250 கிராம் பை 44 வேண்டும், பையும் லேபலும் சேர்த்து ஒன்று 25 என்றால் 1,100. மில்லுக்கும் கடைக்கும் ஓட்டோ 600. எல்லாம் 2,900, கிலோவுக்கு 264. ஆகவே கையை விட்டுப் போகும் காசு மட்டும் கிலோ 1,287 ரூபாய். இவற்றை நான் நடுத்தரமாக வைத்திருக்கிறேன், உங்கள் பற்றுச்சீட்டுகளைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இனிக் கடைக்குக் கொடுக்கும் தூளைப் பாருங்கள். 1,400இல் 15 வீதம் கழித்தால் உங்களுக்கு வருவது 1,190. ஒவ்வொரு கிலோவுக்கும் 97 ரூபாய் கைக்காசு போகிறது. மாதம் 25 கிலோவுக்கு 2,425 ரூபாய் நட்டம். வட்ஸ்அப்பில் விற்கும் 35 கிலோவில் கிலோவுக்கு 113 மிஞ்சுகிறது, அது 3,955. இரண்டையும் சேர்த்தால் மாதம் முழுவதும் உழைத்து மிஞ்சுவது 1,530 ரூபாய். அண்ணாவின் காசு எங்கே போனது என்று கேட்டீர்கள். ஒரு பகுதி கடைகளின் 15 வீதத்தில் போனது, மீதி அந்த 42,000 ரூபாய் நிலுவையில் கிடக்கிறது. அந்த நிலுவை கிட்டத்தட்ட நாலு தடவைக்கான சாமான்.

உங்கள் உழைப்புக்கும் ஒரு விலை போடவேண்டும். காம்பு கிள்ள 3 மணித்தியாலம், துப்புரவாக்கிக் காயவிட 2, வறுக்க 3, மில்லுக்குப் போய்வர 2, நிறுத்துப் பையிலிட 2. ஒரு தடவைக்கு 12 மணித்தியாலம். எட்டு மணித்தியால நாட்கூலி 2,000 ரூபாய் என்று வைத்தால் 3,000 ரூபாய், கிலோவுக்கு 273. நீங்களும் மச்சாளும் செய்வதால் இது செலவில்லை என்று நினைக்காதீர்கள். நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலோ, ஓடர் கூடி ஒருவரை வேலைக்கு வைத்தாலோ அந்தக் கூலியை யாராவது வாங்கத்தான் போகிறார்கள். இதையும் சேர்த்தால் ஒரு கிலோவின் உண்மையான அடக்க விலை 1,560 ரூபாய். நீங்கள் இரண்டு வருடமாக அதை 1,400க்கு விற்று வருகிறீர்கள்.

விலையை ஏற்றத்தான் வேண்டும். 250 கிராம் பையை 475 ரூபாயாக வையுங்கள், கிலோ 1,900 வரும். கடைக்கு 15 வீதம் விட்டாலும் 1,615 கிடைக்கும், கூலி போகக் கொஞ்சம் மிஞ்சும். நேரடியாக விற்பதில் கிலோவுக்கு 340 நிற்கும். அந்த 340ஐச் செலவழிக்க வேண்டாம், மிளகாய் விலை ஏறும் மாதத்துக்கு அதுதான் காப்பு. நம் நாட்டுச் செத்தலில் பெரும்பங்கு இந்தியாவில் இருந்து வருகிறது, டொலர் ஏறினால் உங்கள் தாச்சியிலும் ஏறும். 350 ரூபாய்ப் பையை ஒரேயடியாக 475 ஆக்கப் பயமாக இருந்தால், முதலில் 425, இரண்டு மாதம் கழித்து 475 என்று ஏற்றுங்கள். ஆனால் கடைக்கு 425இல் கொடுத்தால் கூலியில் பாதிதான் வரும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். விலையை விட்டுவிட்டு மல்லியைக் கூட்டி மிளகாயைக் குறைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். உங்கள் தூளைக் கேட்டு வாங்குபவர்கள் அதன் காரத்துக்கும் வாசத்துக்கும்தான் வருகிறார்கள், முதல் குழம்பிலேயே கண்டுபிடித்து விடுவார்கள்.

அடக்கத்தைக் குறைக்க நேர்மையான வழிகள் உண்டு. வட்ஸ்அப் ஆட்களில் பலர் ஒரு கிலோதான் எடுப்பார்கள், அவர்களுக்கு நாலு சின்னப் பை வேண்டியதில்லை. 40 ரூபாய்க்குள் ஒரு கிலோப் பை கிடைத்தால் கிலோவுக்கு 60 ரூபாய் மிச்சம். மல்லியையும் சீரகத்தையும் சில்லறையாக வாங்காமல் மூன்று தடவைக்கு ஒன்றாக மொத்தக் கடையில் வாங்குங்கள். செத்தலை மட்டும் அளவுக்கு மீறிச் சேர்க்க வேண்டாம், மாரிக்கு முன் வாங்கி வைத்த மூட்டை ஈரம் குடித்தால் விலையில் மிச்சம் பிடித்ததைவிடக் கூட எறிய வேண்டிவரும்.

நிலுவைக் கதைக்கு வருகிறேன். கடை முதலாளிமார் கெட்டவர்கள் அல்ல, கேட்காத காசை யாரும் முதலில் கொடுப்பதில்லை. கார்பன் தாள் வைத்த பில் புத்தகம் ஒன்று வாங்குங்கள். பைகளின் எண்ணிக்கை, விலை, திகதி எழுதி, கடையில் வாங்குபவரின் கையெழுத்தோடு ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். நிலுவை இல்லாத கடைக்கு முதல் தொகுதியை மட்டும் கடனுக்குக் கொடுங்கள், அதன் காசு வந்த பிறகுதான் இரண்டாவது தொகுதி. இப்போதுள்ள 42,000ஐ ஒரேயடியாகக் கேட்டால் உறவு முறியும். புதுச் சரக்குக்குக் கைக்காசு, பழைய நிலுவைக்கு ஒவ்வொரு தடவையும் 2,000 அல்லது 3,000 என்று பேசுங்கள். ஒத்துக்கொள்ளாத கடையை விட்டுவிடலாம். இன்றைய விலையில் அந்தக் கடை உங்களுக்கு நட்டத்தைத்தான் தந்துகொண்டிருந்தது.

வீட்டுக் காசையும் தொழில் காசையும் பிரிக்க உங்கள் பெயரிலேயே இன்னொரு சேமிப்புக் கணக்குப் போதும். தூள் விற்ற காசு எல்லாம் அதற்குள் போகட்டும், சாமான் அதிலிருந்தே வாங்குங்கள். ஒவ்வொரு தடவைக்கும் உங்கள் கூலி 3,000ஐ அதிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொடுங்கள். பிள்ளையின் ரியூசன் காசுக்கு அவசரமாகக் கைவைத்தால் அதையும் கொப்பியில் 'வீட்டுக்குக் கொடுத்தது' என்று எழுதுங்கள். அண்ணா அனுப்புவது அன்பளிப்பா, முதலா, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனா என்று அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். குடும்பத்துக்குள் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

மாரியில் கட்டிபட்டதற்கு வருவோம், இதில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் ஈரம் பெரும்பாலும் வெளியில் இருந்து வருவதில்லை, நாமே பைக்குள் வைத்துக் கட்டிவிடுகிறோம்.

முதல் சந்தேகம் கறிவேப்பிலை. வளவில் பிடுங்கி, கழுவி, நேரே தாச்சியில் போட்டால் இலை ஓரம் மொறுமொறுப்பாகவும் நரம்பு ஈரமாகவும் இருக்கும். கழுவிய இலையை நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, பிறகு வறுங்கள். கையில் கசக்கினால் நரம்போடு சேர்ந்து பொடியவேண்டும். செத்தலும் அப்படித்தான். வெயில் இல்லாத நாளில் படங்கில் பரப்பிப் பயனில்லை. மெல்லிய நெருப்பில் தாச்சியைச் சூடாக்கி, சிறு சிறு அளவாகப் போட்டு, வளைத்தால் சடக்கென்று முறியும் வரை பிரட்டுங்கள். ஒவ்வொரு சாமானையும் தனித்தனியே வறுப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒன்றாகப் போட்டால் வெந்தயம் கருகிக் கசக்கும், மல்லி பச்சையாகவே நிற்கும்.

இரண்டாவது, மில்லில் இருந்து வரும் தூளின் சூடு. அரைபடும்போது தூள் கை சுடும் அளவுக்கு வெக்கையாகும். அதை மூடி போட்ட வாளியில் கொண்டுவந்தால் மூடியின் உட்பக்கம் வியர்த்து, அந்தத் துளிகள் தூளிலேயே விழும். கட்டிகள் அங்கேதான் உருவாகின்றன. மில்லில் வாளியைத் துணியால் மட்டும் கட்டுங்கள், வீட்டுக்கு வந்ததும் சுத்தமான துணியில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். உள்ளங்கைக்குக் குளிர்ந்ததாகத் தெரியும் வரை பையிலிட வேண்டாம். மழை நாளில் அதிக நேரம் திறந்து வைப்பதும் தவறு, ஆறினவுடன் அரிதட்டில் அரித்துப் பையிலிட்டு விடுங்கள்.

மூன்றாவது, பையின் வாய். மெழுகுதிரியில் காட்டி ஒட்டிய பொலித்தீன் பையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும். வாயில் தூள் படிந்திருந்தால் எந்த மெஷினாலும் சரியாக ஒட்டாது. ஒரு புனல் வைத்து நிரப்பி, வாயை உலர்ந்த துணியால் துடைத்து, மின்சார சீலரில் ஒட்டுங்கள். ஒட்டிய பையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் ஒட்டு சரியில்லை. சாதாரணப் பொலித்தீனில் இன்னொரு குறை, ஈரத்தை ஓரளவு தடுத்தாலும் வாசத்தைத் தடுக்காது. உங்கள் தூள் அடுக்கப்பட்ட அலுமாரியைத் திறந்ததும் வாசம் மூக்கில் அடித்தால், அந்த வாசம் பைக்குள் இல்லை என்றுதான் அர்த்தம். உட்புறம் வெள்ளி நிறமான பல அடுக்குப் பை கொஞ்சம் விலை கூட, ஆனால் நிறமும் மணமும் நிற்கும்.

பூஞ்சணம் பிடித்த செத்தலைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ஈரத்தில் கிடந்த மிளகாயில் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். ஈரலைப் பாதிக்கும் அந்த நஞ்சு வறுப்பதாலும் அரைப்பதாலும் முழுவதும் அழியாது. சந்தேகமான மிளகாயைப் பிளந்து பாருங்கள், உள்ளே சாம்பல் நிறமாகப் பூஞ்சணம் படிந்திருந்தால் எறிந்து விடுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று காம்போடு உடைந்த கழிவு மிளகாயை வாங்கவே வாங்காதீர்கள்.

ஒவ்வொரு தடவையும் ஒரு பையை விற்காமல் திகதி எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை ஒன்றைத் திறந்து நிறம், மணம், கட்டி பாருங்கள். எத்தனை மாதம் நல்லாக நிற்கிறது என்று அதுவே சொல்லும், லேபலில் போடும் காலாவதித் திகதியை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

இனி அந்த மெஷின். மூன்றரை இலட்சத்தை 14 வீத வட்டியில் மூன்று வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை 11,960 ரூபாய் அளவில் வரும். நீங்கள் இப்போது மில்லுக்குக் கொடுப்பது மாதம் 5,000 ரூபாய் கூட இல்லை. சொந்த மெஷினில் மின்சாரத்துக்கும் தேய்மானத்துக்கும் கிலோ 20 ரூபாய் போனால், மிச்சம் பிடிப்பது கிலோவுக்கு 60. தவணையை மட்டும் கட்டவே மாதம் 200 கிலோ அரைக்க வேண்டும். திருவிழா மாதத்து 110 கிலோ கூட அதில் பாதிதான், அதுவும் வெளிநாட்டில் இருந்து வந்து நிற்பவர்கள் வாங்கிக்கொண்டு போனது. கடன் எடுக்கும் யோசனை ஆவணியில் வருவதும் தவணை கட்ட முடியாமல் போவது கார்த்திகையில் தெரிவதும் பல சிறுதொழில்களில் நடக்கிறது. மாசி, பங்குனி மாத விற்பனையைப் பார்த்து முடிவெடுங்கள். வீட்டு மின்மானியில் மோட்டார் ஓடினால் மாத அலகு ஏற ஏற ஒரு அலகின் விலையும் ஏறும். மிளகாய்த் தூசி அயல் வீட்டுக்குள் போனால் முறைப்பாடும் வரும்.

அதனால் இப்போதைக்கு மில்தான். காலையில் முதல் ஆளாகப் போங்கள். முன்னால் யாராவது அரிசியோ உளுந்தோ அரைத்திருந்தால் அந்த மா உள்ளே ஒட்டியிருக்கும், அது தூளில் கலந்தால் வண்டு விழும். உங்கள் மல்லியில் 200 கிராமை முதலில் அரைத்து வெளியே எடுத்துவிட்டு, பிறகு மீதியைப் போடுங்கள். அந்த 200 கிராமை விற்பனைத் தூளில் சேர்க்க வேண்டாம்.

கையில் காசு இருந்தால் வாங்க வேண்டியது நல்ல தராசும் சீலரும்தான். தராசு அளவீட்டு அலகுகள் திணைக்கள முத்திரை பதித்ததாக இருக்கட்டும், 250 என்று போட்டு 240 நிறுத்தால் சட்டப்படி குற்றம்.

கடன் எடுக்கத்தான் வேண்டுமென்றால் வட்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கேளுங்கள். ஒரு இலட்சத்துக்கு 20 வீதம் என்று சொல்லி, மாதம் 10,000 வீதம் 12 மாதம் வாங்குவார்கள். ஒவ்வொரு மாதமும் கடன் தொகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தும் முழு இலட்சத்துக்கும் வட்டி போடுவதால், உண்மையில் அது வருடத்துக்கு 35 வீதம் அளவில் வரும் கடன். வாரா வாரம் வீட்டு வாசலுக்கு வந்து அறவிடும் கடனைத் தொழில் முதலுக்கு எடுக்கவே வேண்டாம். தூள் விற்ற காசு ஒரு மாதம் கழித்து வரும், அறவிடுபவர் ஏழாம் நாள் வந்து நிற்பார்.

பதிவு வேலைகளை இந்த மாதமே தொடங்குங்கள். தொழில் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம், கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்திய பிறகு விண்ணப்பியுங்கள். உணவுப் பொருள் என்பதால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் வந்து குறை பிடிக்கும்வரை காத்திருப்பதைவிட நீங்களே கூப்பிடுவது நல்லது. வறுக்கும் இடம் படுக்கை அறையில் இருந்து பிரிந்திருக்கிறதா, யன்னலுக்கு வலை இருக்கிறதா, கோழியும் பூனையும் உள்ளே வருமா, கை கழுவ இடம் உண்டா என்பவற்றைப் பார்ப்பார். லேபலை அச்சிட முன் மாதிரியை அவரிடம் காட்டுங்கள். பொருளின் பெயர் மூன்று மொழியிலும், சேர்மானங்கள், நிகர நிறை, தயாரித்த திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உங்கள் பெயர் முகவரி, உச்ச சில்லறை விலை இவை இருக்கவேண்டும். தொகுதி இலக்கத்துக்கு வறுத்த திகதியையே போடலாம், ஒரு கடை திருப்பி அனுப்பினால் எந்த நாள் தூள் என்று உடனே தெரியும். 'நோய் தீர்க்கும்' என்ற மாதிரிச் சொற்களை லேபலில் போடாதீர்கள். பெயரைப் பதிந்தால் அந்தப் பெயர் உங்களுக்கு மட்டும் சொந்தமாகிவிடாது, அதற்கு வணிகச் சின்னப் பதிவு வேறு. அது பிறகு பார்க்கலாம்.

வருமான வரியைப் பற்றி இப்போது கவலை இல்லை. 2025 ஏப்ரலில் இருந்து தனியாள் ஒருவருக்கு வருடம் 18 இலட்சம் வரை வரிவிலக்கு உண்டு. வெளியாள் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால் மட்டும் ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 வீதம், அவரது சம்பளத்தில் 8 வீதம், நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதம் கட்டவேண்டும். அதையும் அடக்க விலையில் சேருங்கள். பொதி செய்தல், பெறுமதி சேர்த்தல் பற்றிய பயிற்சிகளுக்குப் பிரதேச செயலகத்தில் விதாதா வள நிலையத்தைக் கேளுங்கள், கைத்தொழில் அபிவிருத்தி சபையின் யாழ்ப்பாண அலுவலகமும் உதவும்.

வெளிநாட்டு ஓடருக்கு வருகிறேன். விடுமுறைக்கு வந்தவர் தன் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக ஐந்து கிலோ கேட்டால், ஒரு கிலோப் பைகளாக, இரட்டை ஒட்டுப் போட்டு, முழுக் காசையும் முன்பே வாங்கிக் கொடுங்கள். லண்டனிலோ ரொறன்ரோவிலோ கடை வைத்திருப்பவர் 100 கிலோ கேட்டால் அது வேறு வியாபாரம். ஐரோப்பாவில் மிளகாய்க்கு அஃப்லாடொக்சின் நஞ்சில் பி1 என்ற வகை கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், எல்லா வகையும் சேர்த்து 10 மைக்ரோகிராம் என்று எல்லை உண்டு. சரக்கைத் திருப்பினால் கப்பல் கூலியும் சேர்ந்து நட்டம். கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஒரு தொகுதியைச் சோதித்து அறிக்கை கையில் கிடைத்த பிறகு, சோதனைச் செலவையும் விலையில் போட்டு, பாதிக் காசு முன்பணமாக வந்தால் மட்டும் வறுக்கத் தொடங்குங்கள்.